வெறும் வயிற்றில் நான்கு, சாப்பிட்ட பிறகு ஒன்று

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது. கும்பகோணம் பக்கம் விவசாயம். ஆறு மாதத்துக்கு முன்பு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரிந்தது. இடுப்பு எலும்பிலும் பரவியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூப்ரோலைடு ஊசி. கூடவே அபிரடெரோன் 250 மாத்திரை தினமும் நான்கு, பிரெட்னிசோலோன் 5 ஒன்று. ஷுகர், பிரஷர் மாத்திரைகளும் உண்டு. இந்தப் புற்றின் போக்கைக் காட்டும் பி.எஸ்.ஏ. என்ற ரத்த அளவு 86-இல் இருந்து 1.2-க்கு இறங்கிவிட்டது. ஆனால் மூன்று வாரமாகக் கால் வீங்குகிறது, ஒரே அசதி. போன வாரம் பிரஷர் 164/96. ஸ்டீராய்டு எலும்பை அரித்துவிடும் என்று மாமா சொன்னதால் பிரெட்னிசோலோனை அப்பாவே ஒரு மாதமாக நிறுத்திவிட்டார். இது சரியா? அவருடன் ஊசி போட வரும் ஒருவர் ஒரே மாத்திரையை இட்லியோடு சாப்பிடுகிறாராம். எனக்கு மட்டும் ஏன் நான்கு என்று கேட்கிறார். பி.எஸ்.ஏ. இறங்கிவிட்டதால் ஊசியை நிறுத்தலாமா? நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். மாத்திரைகளைக் காலையில் என் மனைவிதான் எடுத்துக் கொடுக்கிறாள். விழுங்கச் சிரமமாக இருந்தால் உடைத்தும் தருவாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். அப்பாவின் தொண்டைக் கரகரப்புக்கு அதிமதுரக் கஷாயமும் போட்டுத் தருகிறாள்.

பதில்: உங்கள் கடிதம் கிடைத்த அன்றே, அப்பாவை மறுநாளே மருத்துவரிடம் காட்டுங்கள் என்று தனியாகப் பதில் அனுப்பியிருந்தேன். போயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரெட்னிசோலோன் நின்று ஒரு மாதம், கால் வீக்கம், அசதி, ஏறிய பிரஷர், அதற்கு மேல் அதிமதுரம். இவ்வளவும் ஒரே வீட்டில் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கிறது என்று உடனே பார்த்தாக வேண்டும். பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தடுமாறும். இப்போது சாவகாசமாக எழுதுவது உங்களுக்கும், இதே மாத்திரையை வீட்டில் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும். நான் மருந்தாளுநர், அப்பாவைப் பரிசோதித்தவன் அல்ல. மருந்தை நிறுத்துவது, கூட்டுவது, குறைப்பது எல்லாம் அவருடைய மருத்துவரின் முடிவு.

நீங்கள் கேட்காத ஒன்றில் இருந்து தொடங்குகிறேன். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், மனைவிக்கு ஐந்தாம் மாதம் என்று. இன்று முதல் அவர் அபிரடெரோன் மாத்திரையைக் கையால் தொட வேண்டாம். 250 மில்லிகிராம் மாத்திரைக்கு மேல்பூச்சு கிடையாது. உடைத்தால் தூள் பறக்கும், விரலில் ஒட்டும். ஆண் ஹார்மோன் உண்டாவதையே தடுக்கிற மருந்து இது. வயிற்றில் இருக்கும் குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கலாம் என்பதால், கர்ப்பிணிகளும் கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்களும் கையுறை இல்லாமல் இதைத் தொடக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளை யார் பிரித்துப் படிக்கிறார்கள்? நாங்கள்தான் மருந்தைக் கொடுக்கும்போது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று தெரிகிறது. அது எங்கள் தொழிலின் தப்பு, உங்கள் மனைவியின் தப்பு இல்லை.

அவரைப் பயமுறுத்த வேண்டாம். முழு மாத்திரையைத் தொட்டதால் மட்டும் உடம்பில் பெரிதாக ஏறியிருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் உடைத்தும் கொடுத்திருக்கிறார் என்பதால், பிரசவம் பார்க்கும் மருத்துவரிடம் இந்த வாரமே மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள். இனிமேல் அப்பாவே எடுத்துக்கொள்ளட்டும். இந்த மாத்திரை பெரும்பாலும் 120 அடங்கிய புட்டியில் வரும், ஒரு மாதக் கணக்கு. புட்டியின் மூடியில் நான்கைத் தட்டி அப்படியே வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கலாம். உடைக்கக் கூடாது, பொடிக்கக் கூடாது, மெல்லக் கூடாது. நான்கையும் ஒரே மடக்கில் விழுங்க முடியாவிட்டால் ஒவ்வொன்றாக விழுங்கட்டும். அதுவும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். 500 மில்லிகிராம் மாத்திரையும் இருக்கிறது, இரண்டோடு முடிந்துவிடும். ஆனால் அது அளவில் இன்னும் பெரியது, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, மாமா சொன்னதற்கு வருவோம்.

ஸ்டீராய்டு எலும்பைப் பாதிக்கும் என்பது பொய் இல்லை. ஆனால் இந்த 5 மில்லிகிராம் எதற்கு வந்தது என்று தெரிந்தால் மாமாவும் நிறுத்தச் சொல்லியிருக்க மாட்டார். உங்கள் அப்பாவுக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன். ஒரு கிளை வாய்க்காலின் மதகை இறக்கிவிட்டீர்கள். மேலே தண்ணீர் நிற்குமா? அடுத்த கிளையில் ஏறி, கேட்காத வயலுக்குள் பாயும். அபிரடெரோன் செய்வது இதுதான். ஆண் ஹார்மோன் விதையில் மட்டும் ஊறுவதில்லை. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியிலும் கொஞ்சம் உண்டாகிறது. புற்றுக்கட்டியே தனக்குத் தேவையானதைத் தயாரித்துக்கொள்வதும் உண்டு. ஊசி விதையை மட்டும் அடக்கும். இந்த மாத்திரை மூன்று இடத்திலும் மதகை இறக்கிவிடுகிறது. இறக்கும்போது, அட்ரினலில் ஊறவேண்டிய கார்ட்டிசோலும் (உடம்பு தானே செய்துகொள்ளும் ஸ்டீராய்டு) சேர்ந்து குறைகிறது. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி, "கார்ட்டிசோல் எங்கே, இன்னும் செய், இன்னும் செய்" என்று அட்ரினலை விரட்டும். அந்த வழி அடைபட்டிருப்பதால், உப்பைப் பிடித்துவைக்கும் வேறு ஹார்மோன்கள் பெருகும். உப்பு நின்றால் நீர் நிற்கும். கால் வீங்கும், பிரஷர் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறும். அப்பாவிடம் தெரிவது அத்தனையும் இந்தப் படத்துக்குள் அடங்கும்.

பிரெட்னிசோலோன் அந்த விரட்டலை நிறுத்தும். கார்ட்டிசோல் குறைந்த இடத்தையும் ஈடுகட்டும். ஆக, இது சத்து மாத்திரை மாதிரி கூடவே எழுதிக் கொடுத்தது அல்ல. பெரிய மாத்திரையின் ஜோடி. ஒன்றை விட்டு மற்றதை மட்டும் சாப்பிட்டால் வம்புதான். மறுபடி எப்போது, எந்த அளவில் தொடங்குவது என்று மருத்துவர் சொல்வார். விட்ட நாளுக்கெல்லாம் சேர்த்து இரண்டு மூன்றாகப் போட வேண்டாம்.

இன்னொன்று. பிரெட்னிசோலோனைத் தொடங்கிய பிறகு வாந்தி, பேதி வந்து அந்த மாத்திரை வயிற்றில் தங்காவிட்டால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கடும் காய்ச்சல் வந்தாலோ, எதற்காவது அறுவை சிகிச்சை என்றாலோ, பல் பிடுங்கப் போனாலும்கூட, "அபிரடெரோனும் பிரெட்னிசோலோனும் சாப்பிடுகிறேன்" என்று முதலில் சொல்லச் சொல்லுங்கள். உடம்புக்கு நெருக்கடி வரும் நேரத்தில் ஸ்டீராய்டு அளவைக் கொஞ்ச நாளுக்குக் கூட்ட வேண்டியிருக்கும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்தால் நல்லது.

எலும்பு பற்றிய மாமாவின் கவலை வேறு விதத்தில் நியாயமானது. இந்தச் சிகிச்சையில் எலும்பை அதிகம் கரைப்பது அந்தச் சின்ன ஸ்டீராய்டு அல்ல, ஆண் ஹார்மோன் வற்றிப்போவதுதான். அதனால் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்ததா, கால்சியமும் வைட்டமின் டி-யும் போதுமா, எலும்பை உறுதியாக்கும் ஊசி தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஊசி போடுவதாக இருந்தால் அதற்கு முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஊசிக்குப் பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகிற சிக்கல் சிலருக்கு வரும்.

இனி அந்த இட்லி விவகாரம். எனக்குப் பிடித்த கேள்வி இது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் வாரத்துக்கு ஒருமுறையாவது வரும்.

அபிரடெரோன் ஒரு விசித்திரமான மருந்து. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் கொஞ்சம்தான் உடம்பில் ஏறும். அந்தக் கணக்குக்குத்தான் 1,000 மில்லிகிராம், அதாவது நான்கு மாத்திரை. கொழுப்புக் குறைந்த உணவோடு சாப்பிட்டால் ரத்தத்தில் ஏறும் மொத்த அளவு ஏறக்குறைய 5 மடங்கு. நல்ல எண்ணெய், நெய்ச் சாப்பாட்டோடு என்றால் 10 மடங்கு வரை. நான்கு மாத்திரையை நெய் ரோஸ்ட்டோடு சாப்பிடுபவர் உண்மையில் எத்தனை மாத்திரை சாப்பிட்டார் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் மாத்திரைக்கு முன் 2 மணி நேரம், பின் 1 மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது என்பது விதி. தண்ணீர் மட்டும்.

அப்படியானால் ஊசி வரிசையில் வரும் அந்த நண்பர்? அவர் தப்பாகச் சாப்பிடுகிறார் என்று சொல்ல மாட்டேன். உணவோடு சேர்ந்தால் இவ்வளவு ஏறுகிறதே, அப்படியென்றால் கால் பங்கு மருந்தே போதாதா என்று சிகாகோ பல்கலைக்கழக மருத்துவர்கள் முன்னின்று 72 நோயாளிகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். 250 மில்லிகிராமைக் கொழுப்புக் குறைந்த காலை உணவோடு கொடுத்தபோது, பி.எஸ்.ஏ. இறங்குவதில் முழு அளவுக்குச் சளைக்கவில்லை என்று 2018-இல் வெளியிட்டார்கள். சோதனை சின்னதுதான். ஆனாலும் மருந்துச் செலவு கட்டுப்படியாகாத இடங்களில் சில மருத்துவர்கள் இந்த முறையைக் கைக்கொள்கிறார்கள். அவருக்கு அவருடைய மருத்துவர் அப்படி எழுதியிருக்கலாம். இரண்டு முறையையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம். நான்கு என்றால் வெறும் வயிறு. ஒன்று என்றால், மருத்துவர் அப்படி எழுதியிருந்தால் மட்டும், சொன்ன உணவோடு. நான்கையும் இட்லியோடு சாப்பிடுவதும், ஒன்றை வெறும் வயிற்றில் சாப்பிடுவதும் இரண்டுமே தப்பு. மாதச் செலவு உங்களுக்குப் பாரமாக இருந்தால் இந்தக் குறைந்த அளவு பற்றி மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் வீட்டில் சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரிகிறது. "காலையில் எடுத்துக் கொடுக்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்துச் சீட்டில் இரண்டு மாத்திரைக்கும் நேராகக் காலை என்றுதான் இருக்கும். ஆனால் அபிரடெரோனுக்கு வெறும் வயிறு, பிரெட்னிசோலோனுக்கு சாப்பிட்ட பிறகு. ஜோடி மாத்திரைகள்தான், ஆனால் ஒரே நேரத்தில் வாய்க்குள் போகக் கூடாது. காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்ட டப்பாவில் இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் முடிந்தது கதை.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் என்னிடம் மருந்து வாங்க வருவார். "வெறும் வயிற்றில்தானே சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பேன். "ஆமாம் சார், விடிந்ததும் முதல் வேலை அதுதான்" என்பார். அவருடைய கல்லீரல் அளவுகள் ஏறிக்கொண்டே போயின. நான்காவது மாதம் அவர் மனைவி கூட வந்தார். அவர்தான் சொன்னார்: "ஃபில்டர் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டுதான் மாத்திரையே போடுவார்." ஆசிரியர் என்னைப் பார்த்து உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார், "காபி எப்போது சார் சாப்பாட்டில் சேர்ந்தது?" கெட்டிப் பாலும் சர்க்கரையும் சேர்ந்தால் அது சாப்பாடுதான். அதிலிருந்து நான் "வெறும் வயிறு" என்று சொல்வதை விட்டுவிட்டேன். "காபிக்கு ஒரு மணி நேரம் முன்னால்" என்றுதான் சொல்கிறேன்.

உங்கள் அப்பா நாலரை மணிக்கே எழுந்து, ஐந்து மணிக்குக் காபி குடிக்கிற வழக்கம் உள்ளவர் என்றால் காலை நேரத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். இரவு எட்டு மணிக்குள் சாப்பாடு, பத்து மணிக்குப் படுக்கப் போகும்போது நான்கு மாத்திரை. நடுவில் பால் குடிக்கிற பழக்கம் இருந்தால் அதைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். பிரெட்னிசோலோன் காலை இட்லிக்குப் பிறகு. இரவில் போட்டால் சிலருக்குத் தூக்கம் வராது. எந்த நேரமானாலும் தினமும் அதே நேரம். இப்போது காலையில் சாப்பிடுபவர் இரவுக்கு மாறும் நாளில், எப்படி மாற்றுவது என்று மருத்துவமனையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே நாளில் இரண்டு வேளை ஆகிவிடக் கூடாது. ஒருநாள் மறந்துபோனால் மறுநாள் வழக்கமான நான்குதான், எட்டு அல்ல. தொடர்ந்து இரண்டு நாள் விட்டுப்போனால் மருத்துவருக்குச் சொல்லிவிடுங்கள்.

அதிமதுரத்தை உடனே நிறுத்துங்கள். நல்ல மூலிகைதான், தொண்டைக்கு இதமானதும்கூட; எங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அதில் இருக்கும் கிளிசிரைசின் என்ற பொருள் உப்பைப் பிடித்துவைத்துப் பொட்டாசியத்தை வெளியேற்றும். அபிரடெரோன் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம் இதுவும் இழுக்கிறது. இருமல் மிட்டாய், சூரணம், மூலிகைத் தேநீர் எதில் எல்லாம் இது இருக்கிறது என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். தொண்டைக்கு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும், விழுங்க வேண்டாம்.

பொட்டாசியம் குறைவு என்றதும் இளநீரும் வாழைப்பழமுமாக நீங்களே வைத்தியம் தொடங்கிவிடாதீர்கள். ஷுகர்காரர், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிரஷருக்குச் சாப்பிடுவது டெல்மிசார்டன் வகை என்றால் அதுவே பொட்டாசியத்தை ஏற்றும். ரத்தத்தில் அளவு தெரிந்த பிறகு எதைக் கொடுப்பது என்று முடிவு செய்யலாம். கால் வீக்கத்தைப் பார்த்து வேறொரு மருத்துவர் நீர் பிரியும் மாத்திரை எழுதினால், அது ஸ்பைரனோலாக்டோனா என்று கேளுங்கள். மற்றவர்களுக்கு நல்ல மருந்து. ஆனால் அபிரடெரோன் சாப்பிடுபவரிடம் அது ஆண் ஹார்மோனின் இடத்தில் போய் உட்கார்ந்து கட்டியைத் தூண்டலாம் என்பதால் தவிர்ப்பார்கள்.

ஷுகர் மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. அதில் பியோகிளிட்டசோனோ ரெபாகிளினைடோ இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மருந்து சேர்ந்த மாத்திரைகளில் பியோகிளிட்டசோன் ஒளிந்திருக்கும். இவற்றோடு அபிரடெரோன் சேர்ந்து சிலருக்கு ஷுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கியிருக்கிறது. பியோகிளிட்டசோன் தன் பங்குக்குக் கால் வீக்கத்தையும் கொடுக்கும். மறுபக்கம் பிரெட்னிசோலோன் ஷுகரை ஏற்றும். ஆகவே ஸ்டீராய்டை மறுபடி தொடங்கும் வாரத்தில் வீட்டு மிஷினில் அடிக்கடி பார்த்து எழுதிவையுங்கள். பிரஷரையும் அப்படியே.

கல்லீரல் பரிசோதனை முதல் 3 மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. பிரஷரும் பொட்டாசியமும் மாதம் ஒருமுறையாவது. மருத்துவமனை தூரம் என்றால் கும்பகோணத்திலேயே ரத்தம் கொடுத்து முடிவை அனுப்பலாம். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கருத்துப் போனாலோ கீழாநெல்லியைத் தேடிப் போகும் முன் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாத்திரையைச் சில நாள் நிறுத்தவேண்டி வரலாம். இதயம் படபடவென்று தப்பித் துடித்தாலோ, கை கால் துவண்டாலோ அவசரப் பிரிவு. எலும்பில் பரவியிருப்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்: புதிதாகக் கடும் முதுகுவலி வந்து கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே போக வேண்டும். முதுகுத்தண்டு நசுங்கினால் நேரம் கடந்த பிறகு நடையை மீட்பது கடினம்.

ஊசியை நிறுத்தலாமா என்றால், கூடாது. ஆண் ஹார்மோனை அடக்கினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசும் வாங்கினார். இன்றைக்கும் சிகிச்சையின் அடித்தளம் அதுதான். பி.எஸ்.ஏ. 86-இல் இருந்து 1.2-க்கு வந்தது ஊசியும் மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. விதைகளை அகற்றும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்கு மட்டும்தான் ஊசி தேவையில்லை. திரும்பத் திரும்ப ஊசிச் செலவு வேண்டாம் என்று அதைத் தேர்ந்தெடுக்கும் குடும்பங்களும் உண்டு. ஊசி என்றால் தேதி முக்கியம். நிறையத் தள்ளிப்போய் மறுபடி தொடங்கினால், முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் ஒரு குதி குதித்து ஏறிவிட்டுத்தான் இறங்கும். நடவு, அறுவடை என்று அப்பா தள்ளிப்போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், அப்பா முன்பு மாதிரி இல்லை, சிடுசிடுக்கிறார் அல்லது பேசாமல் உட்கார்ந்திருக்கிறார் என்றால் அது புற்றுநோய் பயம் மட்டும் இல்லை. திடீர் திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, ஆசை அற்றுப்போவது, தசை தளர்வது எல்லாம் இந்தச் சிகிச்சையோடு வருபவை. மகனிடமோ மருமகளிடமோ அவர் வாயைத் திறக்க மாட்டார். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது ஐந்து நிமிடம் அவரைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே நில்லுங்கள். காலையில் வரப்பில் நடக்கிற நடையை மட்டும் விடவேண்டாம் என்று சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது சீட்டை மட்டும் எடுத்துப்போகாதீர்கள். வீட்டில் இருக்கும் அத்தனை மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அந்த அதிமதுரப் பொடி டப்பாவையும் சேர்த்து.